கேரண்டி அண்ணாச்சியின் சீமைத் துப்பாக்கி

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்து ஏழாம் நாள் ஓய்வெடுத்தபோது கேரண்டி அண்ணாச்சி மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால், "எல்லாஞ் சரி, இது எத்தன வருசம் வரும்?" என்று கேட்டிருப்பார். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேறு இடத்தில் விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பியும் இருப்பார்.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் என்னவென்று போர்ட் பிளேர் பக்கத்துச் சௌல்தாரியில் யாருக்கும் தெரியாது. அறுபதுகளின் நடுவில் நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தபோது, அவர் வீட்டுப் பின்பக்க அறைதான் எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. அறையைக் காட்டுவதற்கு முன்னால் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷம் இருப்பேன் என்று கேட்டார். அரசாங்கம் இருக்கச் சொல்கிற வரைக்கும் என்றேன். அதை ஒரு கேரண்டியாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் சாவியைக் கொடுத்தார்.

தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கத்துக்காரர். சாத்தம் மரமில்லில் தச்சு வேலை. வாரம் முழுக்க போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் கூட்டாளிகளோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் சௌல்தாரிக்கு வருவார். இங்கே அவருக்கு ஓர் ஓலைக்கூரை வீடும் கொஞ்சம் நெல் வயலும் இருந்தன. ரோஸம்மா அக்கா என்று ஊரே கூப்பிடுகிற மனைவி இருந்தார். வயலைப் பார்த்துக்கொண்டது அக்கா. சாமான்களைப் பார்த்துக்கொண்டது அண்ணாச்சி.

பார்த்துக்கொண்டது என்றால் சோதனை போட்டது. கடையில் வாங்கிய எதையும் அவர் உடனே உபயோகிக்க விடமாட்டார். வாசலில் ஒரு மூங்கில் கம்பு நட்டிருந்தார். குடை, டார்ச் லைட், செருப்பு, அலாரம் கடிகாரம், எது வந்தாலும் முதலில் அந்தக் கம்பில்தான் தொங்கும். எங்கள் ஊர் மழையைப் பற்றி மெயின்லேண்ட் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மே மாதம் வந்து உட்கார்ந்தால், விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி கிளம்பவே கிளம்பாது. அதோடு உப்புக் காற்று வேறு. இரண்டையும் தாங்கிய சாமான்தான் வீட்டுக்குள் நுழையலாம். குடை வெறும் கம்பியாகத்தான் திரும்பி வந்தது. கடிகாரம் பிழைத்தது, ஆனால் முள் இரண்டும் உதிர்ந்துவிட்டன. மணி தெரியாவிட்டால் என்ன, ஓடுகிற சத்தம் கேட்கிறதே என்று அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. மஜ்பூத் சாமான், கெட்டிச் சாமான் என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார்.

ஷாதிபூரில் ஒரு சலூன்காரரிடம், இந்த கிராப்பு எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டு, தலை இருக்கிற வரைக்கும் வரும் என்று பதில் வாங்கியவர் அவர். லாந்தர் விளக்கு வாங்கப் போனால் இடுப்பு உயரத்திலிருந்து ஒருமுறை கீழே போட்டுப் பார்க்கலாமா என்று கேட்பார். அவர் தலை தெரிந்தாலே பஜாரில் கண்ணாடிச் சாமான்கள் உள்ளே போய்விடும்.

இப்படிப்பட்ட மனிதர்தான் துப்பாக்கி வாங்கக் கிளம்பினார்.

காரணம் மான். படத்தில் பார்க்க லட்சணமாக இருக்கும் அதே புள்ளிமான்தான். வெள்ளைக்காரன் வேட்டையாடி விளையாடுவதற்காகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. தின்பதற்குப் புலியோ சிறுத்தையோ இங்கே கிடையாது. ஆகவே அவை பெருகிப் பெருகி, கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து, கல்யாணப் பந்திக்கு வருவதுபோலக் குடும்பத்தோடு வயலில் இறங்கின. ரோஸம்மா அக்கா விடிவதற்கு முன்பே பரண் மேல் ஏறி உட்கார்ந்து, பழைய மண்ணெண்ணெய் டின்னைத் தட்டித் தட்டி விரட்டுவார். தொண்டை கட்டியதுதான் மிச்சம். மானைத் திட்டும்போது மட்டும் அக்கா ஹிந்தியில் திட்டுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "இதுக லோக்கல் பார்ன் தம்பி. தமிழ் வெளங்காது" என்றார்.

பயிரைக் காப்பாற்றத் துப்பாக்கி லைசென்சு கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அண்ணாச்சி மனுப் போட்டார், அக்காவின் பெயரில். வயலில் இருப்பது அவள், துப்பாக்கி என் பெயரில் இருந்து என்ன பிரயோஜனம் என்பது அவர் நியாயம். விசாரணைக்கு வந்த அதிகாரிக்குச் சிரிப்பு. அம்மாவுக்குக் குறி பார்க்க வருமா என்று கேட்டார். அண்ணாச்சி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"இவ எறிஞ்ச அகப்பை ஒண்ணுகூட இதுவர தப்புனதில்ல சார்."

லைசென்சு வந்துவிட்டது. துப்பாக்கிதான் வரவில்லை.

போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் இருந்த துப்பாக்கிக் கடையில் இரண்டு வகை ரைபிள்கள் இருந்தன. ஒன்று நம் நாட்டில் செய்தது. விலை சல்லிசு, கைக்கு அடக்கம். இன்னொன்று சீமையிலிருந்து வந்தது. நீளமாக, வழுவழுவென்று, பத்து வருஷக் கேரண்டி அட்டையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. அதன் விலைக்கு ஒரு வீட்டுக்குத் தகரக் கூரை போட்டுவிடலாம். மற்றவர்கள் வந்து, சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, சஸ்தாவான, விலை மலிந்த நாட்டுச் சரக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி சனிக்கிழமைதோறும் பஸ்ஸுக்கு முன்னால் அங்கே ஆஜரானார். குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். தோளில் வைக்கிற மரக்கட்டையை முகர்ந்தார். ஒருமுறை இரும்பை நாக்கால் நக்கியும் பார்த்துவிட்டார். கடைக்காரர் அவர் போனபிறகு துடைத்து வைத்தார்.

கடைக்காரர் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், எல்லா பாஷையும் கொஞ்சம் கொஞ்சம் பேசுவார், பொறுமைசாலி. ஒரே ஒரு மழைக்காலம் இரண்டு துப்பாக்கியையும் என் வீட்டுக் கம்பில் தொங்கவிட்டுப் பார்க்கட்டுமா என்று அண்ணாச்சி கேட்டபோதுதான் முதல்முறையாக எழுந்து நின்றார். கடைசியில் சமரசமாகி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சொட்டுக் கடல் தண்ணீர் வைத்துக்கொள்ள அனுமதித்தார். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் சஸ்தாத் துப்பாக்கியில் துரு பூத்திருந்தது. சீமையில் ஒன்றுமில்லை. அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அண்ணாச்சி அடுத்த சொட்டை வைத்தார்.

ஏற்கெனவே சஸ்தாவை வாங்கிக்கொண்டு போனவர்களின் வீட்டுக்கும் போய் விசாரிப்பார். ஒருவருக்குத் துப்பாக்கியின் தாழ் திறக்கவே வராமல் இறுகிவிட்டது. இன்னொருவருக்குத் தோட்டா வெடிக்கவில்லையே என்று திறந்து பார்க்கும்போது வெடித்துப் புருவத்தைப் பொசுக்கிவிட்டது. அந்தப் புருவத்தை அண்ணாச்சி வெகுநேரம் பக்கத்தில் நின்று பார்த்தார் என்று சொன்னார்கள்.

இப்படியே ஒரு மழை போனது. அடுத்த மழையும் வந்து போனது. சௌல்தாரியில் எல்லார் வயலிலும் வேட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்ததால், அத்தனை மானும் சத்தமில்லாத ஒரே வயலுக்கு வந்து சேர்ந்தன. அந்த வருஷம் அறுப்பதற்கு அரிவாளே தேவைப்படவில்லை.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார். தொண்டை கட்டியிருந்ததால் உயர்த்தவும் முடியாது.

"வார கப்பல்ல நா ஊருக்குப் போறேன். அண்ணன் வீட்டுக்கு."

அண்ணாச்சி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "எப்ப திரும்புவ?"

"கேரண்டி சொல்ல முடியாது."

அவர் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவரிடமே யாரும் இப்படித் திருப்பிக் கொடுத்ததில்லை. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. டிரங்குப் பெட்டி கட்டியாகிவிட்டது. வாரத்தில் ஆறு நாள் தனியாக, டின்னோடும் மானோடும் பேசிப் பேசிச் சலித்துப்போன பெண்பிள்ளை. போனால் வரமாட்டார் என்று எனக்கே பட்டது. கப்பல் புறப்படுகிற நாளில் பெட்டி தூக்க உதவியாக நானும் காலைப் பஸ்ஸில் போனேன். வழி முழுக்க அண்ணாச்சி மடியில் தச்சுச் சாமான் பையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்.

பஜாரில் இறங்கியதும், அஞ்சே நிமிஷம் என்று கெஞ்சி அக்காவைத் துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப்போனார். அக்கா கப்பலுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார். அண்ணாச்சி சீமை ரைபிளை எடுத்து அக்கா கையில் கொடுத்து, தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

அக்கா ரொம்பக் குள்ளம். பரண் ஏணியின் முதல் படிக்கே ஒரு முக்காலி போட்டு ஏறுகிறவர். சீமையில் ஆறடி வெள்ளைக்காரனை மனத்தில் வைத்துச் செய்த துப்பாக்கி அது. கட்டையைத் தோளில் வைத்தால் விசைக்கு விரல் எட்டவில்லை. விரலை எட்டவைத்தால் கட்டை அக்குளுக்குக் கீழே போய்விட்டது. கடைக்காரர் அவசரமாகச் சஸ்தாத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்தியது. இதையே எடுங்கள், இதுதான் அம்மாவுக்கு ஏற்றது என்று அவர் சொல்ல, நானும் ஆமோதித்தேன். விலையும் குறைவு, கப்பலையும் தடுக்கலாம், இரண்டு வருஷக் கூத்தும் முடிந்துவிடும்.

அண்ணாச்சி அதை அக்கா கையிலிருந்து மெதுவாக வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"இது எப்ப வெடிக்கும், எப்ப வெடிக்காதுன்னு இதுக்கே தெரியாது, வாத்தியாரே. இத நா இவ கண்ணுகிட்ட வைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சீமை ரைபிளுக்குப் பில் போடச் சொன்னார். தகரக் கூரைக்கென்று வருஷக்கணக்கில் சேர்த்த பணம் அப்படியே கைமாறியது. பிறகு அக்காவை மறுபடியும் தோளில் வைக்கச் சொல்லி, காதிலிருந்த பென்சிலை எடுத்து, கட்டையின் அடியில் ஒரு கோடு போட்டார். பையைத் திறந்து ரம்பத்தை எடுத்தார்.

கடைக்காரர் மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணா, அறுத்தா கேரண்டி கதம், போச்சு! அப்புறம் நானே இதைத் திருப்பி வாங்க மாட்டேன். யாருமே வாங்க மாட்டாங்க."

அண்ணாச்சி ரம்பத்தோடு நின்றார். கண்ணாடிப் பெட்டியில் இருந்த அந்த அட்டையை ஒருமுறை பார்த்தார். எங்கள் ஊரில் எந்தச் சாமானுக்கும் யாரும் எழுதித் தராத பத்து வருஷம்.

"போனாப் போவட்டும்" என்றார்.

கட்டையின் அடியிலிருந்த இரும்புத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அறுத்தார். அந்தக் கடையின் மிக விலையுயர்ந்த துப்பாக்கி, முதலாளியின் கண்ணெதிரே, மூன்று விரல் அளவு குட்டையானது. முதலாளி திரும்பி நின்றுகொண்டார். அண்ணாச்சி அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகட்டை மறுபடி முடுக்கி, அக்காவிடம் நீட்டினார். அக்கா தோளில் வைத்தார். விரல் விசைக்குப் போயிற்று. கன்னம் கட்டையில் படிந்தது. அப்படியே கொஞ்ச நேரம் கன்னத்தை எடுக்காமலே நின்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, பெட்டிய இவுகளப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு போவச் சொல்லுங்க" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா மடியில் துப்பாக்கி, அண்ணாச்சி மடியில் டிரங்குப் பெட்டி. துறைமுகப் பக்கம் கப்பல் ஊதியது. டிக்கெட் காசு போச்சே என்று நான் ஒருவன்தான் கவலைப்பட்டேன்.

அந்தப் போகம் அக்கா நெல் அறுத்தார். சுட்ட மான்கள் அதிகமில்லை. குட்டியோடு வந்தால் வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு ஹிந்தியில் புத்தி சொல்லி அனுப்புவார். அண்ணாச்சி சனிக்கிழமை வந்ததும் முதல் வேலையாகத் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவார். மனுஷியையும் கொஞ்சம் பாருங்க என்று அக்கா உள்ளேயிருந்து சத்தம் போடுவார். வீட்டுக் கூரை கடைசிவரை ஓலைதான். ஒழுகும்.

எனக்கு மாற்றலாகி, மெயின்லேண்டில் பல ஊர் சுற்றி, ஒரு விடுமுறையில் மறுபடி சௌல்தாரிக்குப் போனபோது அண்ணாச்சி இல்லை. காய்ச்சல் வந்து போய்விட்டாராம். அக்கா இன்னும் வயலில்தான் இருந்தார். துப்பாக்கிக் கடைக்காரரின் மகன் வந்து, புதுக் கட்டை ஒட்டி நீட்டிவிட்டால் சீமைச் சரக்குக்கு இன்றைக்கும் நல்ல விலை வரும் என்று சொல்லியிருக்கிறார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீட்டிட்டா எனக்கு எட்டாதுல்லா, தம்பி" என்றார் அக்கா.

டீ போட உள்ளே போனார். சுவரில் சாத்தியிருந்த துப்பாக்கியில் துருவே இல்லை. எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தேன். முழங்கை மடங்கி இடித்தது, கன்னத்துக்கு இடமே இல்லை. இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி அதை அறுத்துவிட்டுப் போயிருந்தார் மனுஷன்.