அண்டாவாயன் வாயை மூடினான்

அண்டாவாயன் வாயை மூடிவிட்டான். எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வந்ததில்லை.

அண்டாவாயன் படப் புத்தகத்தில் வருகிற ஒரு கூழைக்கடாப் பறவை. இதுவரை ஐந்து புத்தகங்கள். ஒன்றில் குடையை விழுங்குவான். ஒன்றில் தவிலை விழுங்குவான். ஒன்றில் ஆட்டோவைச் சாரதியோடு விழுங்க, சாரதி உள்ளே இருந்தபடி மீட்டரைப் போடுவான். பக்கத்துக்குப் பக்கம் "ஆ!" என்று வாயைப் பிளப்பான். அதைப் பார்த்து என் பேத்தி விஷ்ணுப்பிரியாவும் "ஆ!" என்பாள். அந்த நேரம் ஒரு பிடி சோற்றைத் தள்ளிவிட வேண்டும். அந்தப் பிள்ளையை வளர்த்ததே அந்தக் கூழைக்கடாதான்.

அன்று நான் பேப்பர் வாங்கிக்கொண்டு வர, என் மனுசி தவமலர் வெளிக்கிட்டு நின்றாள். மேசையில் ஆறாவது புத்தகம். பக்கத்தில் ஒரு தட்டு நிறையக் குழைத்த சோறு.

"இஞ்சருங்கோ, நான் களுபோவில ஆசுப்பத்திரிக்குச் சின்னம்மாவைப் பார்க்கப் போறன். நீங்கள்தான் பிள்ளைக்குத் தீத்த வேணும்."

"நானோ?"

"பின்னை வேற ஆர்? நான் வரேக்க தட்டு வெறுமையா இருக்க வேணும். பிள்ளை மெலிஞ்சு போனாளாம். இனியும் சாப்பிடாட்டி டேகெயாரில விடப்போறாளாம் மகள்."

பிள்ளை போய்விட்டால் பகல் முழுக்க வீட்டில் தவமும் நானும் மட்டும். இப்போது பாதி ஏச்சு பேத்தியின் பங்கு. பிறகு முழுவதும் எனக்கு.

"அடுப்பில நண்டுக்கறி இருக்கு. மூடியில கை பட்டுதோ, எனக்குத் தெரியவரும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். புத்தகத்தின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'அண்டாவாயன் அளவாகச் சாப்பிடுகிறான்.'

பெயரே சரியில்லை.

முதல் பக்கம், "ஆ!" ஒரு பிடி உள்ளே போனது. இரண்டாம் பக்கத்தில் ஒரு கொழுத்த மீன் தானாக வருகிறது. அண்டாவாயன் அலகை இறுக மூடிக்கொண்டு, "போதும். நன்றி" என்கிறான். பிறகு தேகப்பயிற்சி செய்கிறான். தண்ணீர் குடிக்கிறான். நேரத்துக்குப் படுக்கிறான். கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு ஈயைக்கூட விழுங்கவில்லை! நல்ல பறவை. யாரோ புத்தி சொல்லிக் கெடுத்துவிட்டார்கள்.

"போதும். நன்றி," என்று பேத்தியும் வாயைப் பொத்தினாள்.

நான் ஒன்றை மனதில் வைத்தால் வைத்ததுதான். கலியாணப் பந்தியில் என் இலையில் இருந்த வடையை எடுத்த மச்சான் வரதராசாவோடு இன்றைக்கும் எனக்குக் கதை பேச்சு இல்லை. அவனுக்குப் பக்கத்தில் இந்தப் புத்தகம் எழுதினவரையும் இருத்திவிட்டேன்.

பழைய புத்தகங்களை எடுக்க ஓடினேன். அலுமாரி பூட்டியிருந்தது. திறப்பு தவத்தின் கைப்பையில். பேனையை எடுத்து, மூடிய அலகின் மேல் ஒரு பெரிய திறந்த வாய் கீறினேன்.

"அம்மப்பா, இது வாய் இல்லை. றோட்டுக் கிடங்கு."

போன் அடித்தது. தவம்.

"சாப்பிட்டு முடிஞ்சுதோ?"

"முடியப் போகுது."

"குரல் ஏன் நடுங்குது?"

"ஃபேன் காத்து."

"நான் ஆட்டோவில வாறன்."

கும்பிடாத குறையாகப் பேத்தியைக் கேட்டேன். "என்ர செல்லமெல்லோ, ஒரே ஒரு ஆ?"

"நீங்கள் ஆ சொல்லுங்கோ. நீங்கள்தான் அண்டாவாயன்."

சொன்னேன். ஒரு பிடியை என் வாயில் அடைத்தாள். முருங்கையிலை, பூசணிக்காய், கரட். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய தட்டா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். பயத்தில் மூளை வேலை செய்யவில்லை. தட்டு வெறுமையானால் போதும். கண்ணை மூடிக்கொண்டு "ஆ! ஆ!" என்று விழுங்கினேன். லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்க, கடைசிப் பிடி தொண்டையில் இறங்கியது.

தவம் தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"முழுக்கச் சாப்பிட்டாச்சோ?"

"ஓம், வழிச்சுத் துடைச்சுச் சாப்பிட்டவள்."

"ஆர்?"

"பிள்ளைதான்."

"பிள்ளைக்கு நான் அப்பவே தீத்திப்போட்டன். நீங்கள் பேப்பர் வாங்கப் போன நேரம்."

எனக்கு விக்கல் எடுத்தது.

"அது உங்கட பிரஷருக்கு டொக்டர் சொன்ன சாப்பாடு. 'மாட்டுக்கு வை' எண்டு எத்தினை நாள் தள்ளி வைச்சனீங்கள்! இண்டைக்கு ஒரு பருக்கை மிச்சமில்லை."

"அப்ப டேகெயார்?"

"மகள் வாயே திறக்கேல்லை."

"இந்தப் பாழ்பட்ட புத்தகம்?"

"கடையிலயே வாசிச்சனான். பிள்ளைக்குச் சரிவராது எண்டு தெரியும். உங்களுக்கெண்டுதான் வாங்கினனான்."

கைகழுவி வந்து, நண்டுச் சட்டியைத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். வாசனை என் மூக்கைப் பிடித்து இழுத்தது. ஒரே ஒரு காலுக்காகக் கையை மெதுவாக நீட்டினேன்.

பேத்தி இரண்டாம் பக்கத்தை விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அம்மப்பா, சத்தமா வாசியுங்கோ."

எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"போதும். நன்றி."