தங்குவதற்கு மட்டும்

“குடியிருக்க ஒரு வீடு வேணுங்க” என்று மூஸா சொன்னதுதான் தாமதம், கலியபெருமாள் கதவைப் படாரென்று சாத்திவிட்டார்.

1972. ரங்கூனில் இருந்த கடையை சர்க்கார் எடுத்துக்கொள்ள, ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி நஃபீசாவோடு கப்பலேறி வந்தவன் மூஸா. இப்போது தஞ்சாவூர் ரயிலடியில் படுக்கை. பிள்ளை பிறப்பதற்குள் ஒரு கூரை வேண்டும். மேலவீதியில் வாடகையைக் கேட்டுத் தலை சுற்றியது. அடுத்த தெருவில் இவன் பெயரைக் கேட்டதுமே வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டது. கட்டுப்படியாகும் என்றால் கரந்தையில் கலியபெருமாளின் இந்த ஒரு வீடுதான்.

தரகர் ரெத்தினம் தலையில் அடித்துக்கொண்டார்.

“அந்த வார்த்தையை ஏன் பாய் சொன்னீங்க? கூலிக்காரங்க குடிசை போட்டுக் குடியிருக்கிற மனை அவங்களுக்கே சொந்தம்னு சட்டம் வந்திருக்குல்ல?”

“அது கிராமத்துக்குத்தானே?”

“சட்டம் கிராமத்துக்குத்தான். பயம் டவுன் வரைக்கும் வரும். ‘தங்க’ன்னு சொல்லுங்க.”

மறுநாள் ‘தங்க’ என்றான். கதவு திறந்தது. கூடவே ஒரு பத்திரமும் வந்தது: ‘நான் இவ்வீட்டில் தங்குகிறேனே தவிர, எக்காலத்திலும் குடியிருக்கவில்லை.’ மூஸா கையெழுத்துப் போட்டான்.

ரேஷன் கார்டுக்கு விசாரிக்க ஆள் வந்தபோது, “இங்க யாரும் குடியில்லைங்க” என்று கலியபெருமாளே அடித்துச் சொன்னார். கார்டு கிடைக்காமல் போயிற்று. ஊரைச் சுற்றி நெல் விளைந்து கிடக்க, நஃபீசா அரிசிக்கு அல்லாடினாள். கீரையாவது கிடைக்கட்டுமென்று கொல்லையில் விதை தூவினாள்.

“ஐயோ, சாகுபடி!” என்று கலியபெருமாள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

“முளைக்கீரைங்க.”

“இன்னிக்குக் கீரைம்பீங்க, நாளைக்குக் குத்தகைப் பாத்தியதைம்பீங்க!”

முளைத்ததையெல்லாம் பிடுங்கி எறிந்தார். அவரைச் சமாதானப்படுத்தப் போய் மூஸா வாயை விட்டான்.

“புள்ள பொறந்ததும் வேற வீடு பாத்துடுறேங்க.”

“புள்ளையா?” கலியபெருமாளுக்கு முகம் வெளிறிப்போயிற்று. துப்பட்டிக்குள் இருந்த வயிற்றை அவர் அதுவரை கவனிக்கவில்லை. “இங்கயா? பொறந்த வீடுன்னு நாளைக்கு அது வந்து நின்னா?”

கார்த்திகை மழையில், ஒரு மத்தியானம் வலி கண்டது. எழுபது வயது மருத்துவச்சி காளியம்மாள் வந்து இறங்கியபோது, கலியபெருமாள் குதிரை வண்டியோடு வாசலில் நின்றார்.

“ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. வண்டிச் சத்தம் நான் குடுத்துட்டேன்.”

அந்த மனிதர் செய்த ஒரே தர்மம் அதுதான்.

“நேரமில்லைங்க, இங்கயே படுக்கட்டும்” என்று காளியம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் பூட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

வண்டி தெருமுனை தாண்டவில்லை. நனைந்த வைக்கோலில் பெண் குழந்தை பிறந்தது. மூஸா துண்டை விரித்துப் பிடித்து மழையை மறைத்தான். ஒரு கூரைகூடத் தேடித் தர முடியாத தகப்பன் என்று அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளையோடு சேர்ந்து அவனும் அழுதான்.

“ஒரு பச்சைப்புள்ளைக்குப் போய் இப்படிப் பயப்படுவானா ஒரு மனுஷன்?” என்று விம்மினான்.

காளியம்மாள் மழைத் தண்ணீரில் கையைக் கழுவினாள்.

“பயப்படத்தான் செய்வாரு பாய். அவரோட ஆத்தாவும் மழைக்கு ஒதுங்கத்தான் அந்த வீட்டுக்குள்ள வந்தா. அங்கயே இவரப் பெத்தா, நான்தான் பேறு பாத்தேன். அசல் வீட்டுக்காரங்க இன்னும் வெளியிலதான் நிக்கிறாங்க.”