இரங்கல் பிரிவு

வெள்ளிக்கிழமைக்குள் ஹனீபா மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சிராங்கூன் ரோட்டில் பெர்னார்ட் மாஸ்டர் நடத்திய மாலை ஆங்கிலக் கல்லூரியில் முதல் வருடம் எல்லாருக்கும் பொது. இரண்டாம் வருடம் பத்திரிகை எழுத்து. அது செய்தி, விளம்பரம், இரங்கல் என்று பிரிந்துவிடும்.

ஹனீபாவுக்குச் செய்தி மேல்தான் ஆசை. வீட்டோடு மாப்பிள்ளையாக வைத்திருந்த மாமனார் நாகூர் கனிக்கோ விளம்பரம் ஒன்றுதான் படிப்பு. ஜாலான் புசாரில் அவருக்குக் குடைக்கடை இருந்தது; துரைமார்களிடம் விற்று விற்று ஆங்கிலம் வாசிக்கவும் பழகியிருந்தார்.

"செத்தவனைப் பத்தி எழுதினா எவன் வந்து குடை வாங்குவான்?" என்றார்.

மாஸ்டர் ஒரு வழி சொன்னார். "மூணுலயும் ஒவ்வொண்ணு எழுதிக் கொண்டா. கை எதுல ஓடுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

மாட்டுவண்டி கவிழ்ந்த செய்தி, கடைச் சரக்குக் கணக்கு மாதிரி வந்தது. குடை விளம்பரத்தைப் படித்தவன் மழையில் வெளியே வரவே பயப்படுவான். இரங்கலுக்கு ஒரு செத்தவர் வேண்டியிருந்தது. நெருங்கிப் பழகியவர் யாரும் அண்மையில் செத்திருக்கவில்லை. எதிரே நாகூர் கனி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

பேனா தானாக ஓடியது. அவருடைய ஈகை, நேர்மை, எல்லாம் வந்தது. யாரிடமும் குரல் உயர்த்தாதவர் என்றுகூட எழுதினான். செத்தவரைப் பற்றி அப்படித்தானே எழுத வேண்டும். கடைசி வரியில் அவனுக்கே கண் கலங்கிவிட்டது. நல்ல தாளில் திருத்தமாக எடுத்தெழுதி மாஸ்டரிடம் கொடுத்தான். முதலில் எழுதிய தாள் வீட்டு மேசையில் கிடந்தது.

வியாழக்கிழமை காலைப் பசியாறும்போது மனைவி ரபியா ஆங்கிலப் பத்திரிகையோடு வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கடைப் பலகையில் பார்த்துப் பார்த்து ஒரு பெயர் மட்டும் தெரியும்.

"ஏங்க, வாப்பா பேரு போட்டிருக்கே. விளம்பரமா?"

ஹனீபா பார்த்தான். கறுப்புக் கோடு கட்டி அவனுடைய இரங்கல். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. வாயில் போட்ட அப்பத்தைத் தட்டிலேயே துப்பினான்.

"ஆமா, விளம்பரம்தான்," என்று சொல்லிவிட்டு அதை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். பத்திரிகை வாங்கும் கடைகளில் எல்லாம் ஏறி, இன்றைய தாளைக் கொடுங்கள் என்று கெஞ்சினான். அதுவரை பிரிக்காமல் வைத்திருந்தவர்களும், இவன் ஏன் இப்படிப் பறக்கிறான் என்று பிரித்துப் பார்த்தார்கள்.

அவன் திரும்பியபோது வாசலில் கூட்டம். முதலில் வந்த பக்கத்துக் கடை ரவூப் ராவுத்தர், கதவைத் திறந்தவரிடமே குனிந்த தலை நிமிராமல், "ஜனாஸா எப்ப எடுக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். திறந்தவர் நாகூர் கனி.

ஹனீபா முண்டியடித்துக்கொண்டு படியேறினான். "இவங்க இல்ல. அது வேற நாகூர் கனி. ஊர்ல இருக்கிறவரு."

உள்ளேயிருந்து மாமியார் ஹலீமாவின் அலறல் கேட்டது. நாகப்பட்டினத்தில் இருந்த அவருடைய அண்ணனுக்கும் அதே பெயர் என்பது அப்போதுதான் ஹனீபாவின் நினைவுக்கு வந்தது.

"ஐயோ, போன மாசம்தானே நல்லா இருக்கேன்னு சொல்லி அனுப்பினாக," என்று அவர் சுவரில் சாய்ந்தார். ரபியாவும் சேர்ந்து அழுதாள். இப்போது மரணம் உறுதியாகிவிட்டது. யாருடையது என்பதில்தான் குழப்பம்.

அந்த நேரம் பார்த்து ஃபேரர் பார்க் பக்கமிருந்து ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. நாகூர் கனியின் தம்பி யாக்கூப் இறங்கினார். சண்டை போட்டுக் கடையில் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போன பிறகு இந்த வீட்டுப் படியை மிதிக்காத மனிதர். நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தவர், அண்ணன் முழுசாக நிற்பதைப் பார்த்து அப்படியே உறைந்தார். பிறகு பாய்ந்து கட்டிக்கொண்டார்.

"நானா, கூடப்பிறந்த நானா, என்னை மன்னிச்சிருங்க."

நாகூர் கனி தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஹனீபா மெல்லப் பின்வாசல் பக்கம் நகர்ந்தான். பெர்னார்ட் மாஸ்டர் கையில் பத்திரிகையோடு எதிரே வந்தார்.

"ஹனீபா, இனிமே யோசனையே வேணாம். உனக்கு இரங்கல் பிரிவுதான். நீ எனக்கு எழுதிக் கொடுத்ததை அச்சுல பார்க்கிறப்ப எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு."

கூட்டம் மொத்தமும் திரும்பியது. ரபியா அழுகையை நிறுத்தினாள்.

"நீங்களா எழுதினீங்க?" என்றாள். "எங்க வாப்பாவையா?"

"எழுதினேன். ஆனா பத்திரிகைக்கு நான் கொடுக்கல. மாஸ்டர், நீங்கதானே…"

"நான் எதுக்குக் கொடுக்கிறேன்? உன் தாள் இதோ என் பையிலயே இருக்கு."

யாக்கூப் அவன் சட்டையைப் பிடித்தார். "உயிரோட இருக்கிறவருக்குக் கபர் வெட்டிட்டு, கடையில உக்காரலாம்னு பார்த்தியா?"

"அல்லா மேல ஆணையா நான் கொடுக்கல, மாமா," என்று ஹனீபா மாமனாரைப் பார்த்தான். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"விடுறா யாக்கூப்," என்றார் நாகூர் கனி. "பத்திரிகைன்னா தப்பு வரத்தான் செய்யும்."

அவர் இத்தனை சாந்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ரபியாவுக்கு அதிர்ச்சி இரண்டு மடங்கானது.

"விட முடியாது நானா," என்றார் யாக்கூப். "வாங்க, ஆபீசுக்கே போய்க் கேப்போம். கொண்டுபோய்க் கொடுத்தவன் எவன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"எனக்கு முழங்கால் வலிக்குது."

"ரிக்‌ஷா நிக்குது."

"கடை திறக்கணுமே."

"நீங்க மவுத்தாயிட்டதா ஊரே நம்புது. இன்னிக்குக் கடை திறந்தா எல்லாரும் ஓடிருவாங்க. ஏறுங்க."

மூவரும் போனார்கள். ஹனீபா கல்லூரி, மனைவி, வீடு மூன்றும் போனதாகவே முடிவு கட்டிக்கொண்டு கையைப் பிசைந்தபடி வந்தான். பத்திரிகை ஆபீஸ் வாசலில் நாகூர் கனி, நான் வெளியிலேயே நிற்கிறேன் என்றார். யாக்கூப் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

மேசைக்குப் பின்னால் குமாஸ்தா தனசேகரன் உட்கார்ந்திருந்தார். யாக்கூப் பத்திரிகையை அவர் முன் விரித்துத் தட்டினார்.

"இதைக் கொண்டுவந்து கொடுத்தது யாருன்னு சொல்லுங்க."

தனசேகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாக்கூப்பின் தோளுக்கு மேலே, பின்னால் ஒதுங்கி நின்ற நாகூர் கனியை எட்டிப் பார்த்தார். முகம் மலர எழுந்து நின்றார்.

"வாங்கய்யா. ‘செத்தவருக்கு நான் ரொம்ப நெருக்கம், அவர் தம்பி கண்ணுல படுற மாதிரி போடுங்க’ன்னு கொடுத்துட்டுப் போனீங்களே, தம்பி பார்த்துட்டாரா?"