இரண்டு றிவோல்வரும் நாலு பக்கக் கேஸும்

கிரின்ஸ்டெட், டென்மார்க்,
03.02.2026

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மைத்துனர் திரு. றொபேர்ட் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் யானும், தங்கள் தங்கை கிருபாமலரும், மகள் மேனுஜாவும் இவ்விடம் சுகம். தங்கள் சுகத்தையும், சென்ற மார்கழியில் பனியில் வழுக்கி விழுந்த தங்கள் முழங்கால் இப்போது மடங்குகிறதா என்பதையும் அறிய ஆவல். ரெலிபோன் இருக்கையில் இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் யோசிக்கக்கூடும். தங்களுக்கு ரெலிபோன் எடுத்தால் தாங்கள் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டுவீர்கள். இங்கே நானும் ஸ்பீக்கரில்தான் கதைக்க வேண்டும், ஏனெனில் தன் அண்ணனோடு நான் தனியாகக் கதைப்பது கிருபாமலருக்குப் பிடிக்காது. ஆகவே இது இரகசியக் கடிதம், வாசித்ததும் கிழித்துவிடவும். தங்களிடம் இரண்டு உதவிகள் கேட்கிறேன். சிறிய உதவி, இரண்டு றிவோல்வரில் எதை நான் வாங்க வேண்டும் என்று சொல்வது. பெரிய உதவியைப் பிறகு சொல்கிறேன், முதலிலேயே சொன்னால் தாங்கள் மேற்கொண்டு வாசிக்க மாட்டீர்கள்.

இங்குள்ள சுடுதல் கிளப்பில் நான் ஏழு வருடமாக அங்கத்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் போய், கிளப்பின் பொது றிவோல்வரால் கடதாசி வட்டத்துக்குச் சுட்டு, கோப்பி குடித்து, வீடு திரும்புவேன். அங்கே பெந்த் என்று ஒருவர், ஸ்வென் என்று ஒருவர். ஏழு வருடமும் கோப்பி மேசையில் எனக்கு இடப்பக்கம் பெந்த், வலப்பக்கம் ஸ்வென். போன ஐப்பசியில பெந்துக்குத் தோள்மூட்டு பழுதாப் போச்சு, தன்ர பெரிய றிவோல்வரை விக்கப்போறன், முதல்ல உன்னட்டைத்தான் கேக்கிறன் எண்டார். நான் ஓம் எண்டன். அடுத்த கிழமை ஸ்வெனுக்குக் கண் மங்கிப்போச்சு, அவரும் தன்ர பெரிய றிவோல்வரை முதல்ல என்னட்டைத்தான் கேட்டார். அவருக்கும் ஓம் எண்டன். வேறை என்னத்தைச் சொல்றது? முகத்துக்கு நேரை இல்லை எண்டு சொல்லி எங்கட ஆக்களுக்குப் பழக்கமே? கலியாண வீட்டில வயிறு முட்டின பிறகும் இலையில வடை போட்டால் வாங்கிற சாதியெல்லோ நாங்கள்.

சரி, ரெண்டில ஒண்டைத் தெரிஞ்செடுப்பம், மற்றாளுக்கு ஏதாவது சாட்டுச் சொல்லுவம் எண்டு பார்த்தால், ரெண்டும் ஒண்டுதான் மச்சான். ரெண்டும் மூண்டு அஞ்சு ஏழு எண்ட பெரிய குண்டு போடுறது. ரெண்டுக்கும் ஆறு குண்டு, ரெண்டுக்கும் ஆறு அங்குலக் குழல், ரெண்டும் சாம்பல் போட்டு மினுக்கின சில்வர்ப் பானை நிறம். வித்தியாசம் எண்டால், பெந்தின்ரயில குண்டு போடுற உருளையைத் திறக்கக் குமிழை முன்னுக்குத் தள்ளவேணும், ஸ்வென்ரயில உள்ளுக்கு அமத்தவேணும். ஸ்வென்ர தொண்ணூறு கிராம் பாரம் கூட. பாரம் கூடினால் சுடேக்கை உதைப்புக் குறைவு, ஆனால் கை கெதியாக் களைக்கும். பெந்தின்ர விசை வழுக்கிக்கொண்டு போகும். ஸ்வென்ர விசை கொஞ்சம் இறுக்கம், ஆனால் எந்த இடத்தில விடும் எண்டு விரலுக்கு முன்கூட்டியே தெரியும். இவ்வளவுதான் வித்தியாசம். இதுக்குத்தான் நான் மூண்டு மாசமாச் சாப்பாடு இறங்காமல் திரியிறன்.

தொண்ணூறு கிராம் என்ர கைக்கு என்ன செய்யும் எண்டு பார்க்கவேணுமெல்லே. துவக்கை வீட்டை கொண்டுவந்து பார்க்கேலாது, சட்டம் விடாது. அதால என்ர பனிக்கால சொக்ஸ் ரெண்டை எடுத்து, ஒண்டுக்கை ஆயிரத்து இருநூறு கிராம் குத்தரிசி, மற்றதுக்கை ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு கிராம் நிறுத்துப் போட்டு, குசினி யன்னலடியில நிண்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி ஒவ்வொரு நிமிசம் பிடிச்சுப் பார்த்தன். முன்வீட்டு மனிசி நாயோட போனவ, நிண்டு பார்த்துட்டுக் கை காட்டினா. நானும் மற்றக் கையால காட்டினன். மேனுஜா வந்து டெனிஷில, அப்பா உங்களுக்கு டொக்டரிட்டை நேரம் எடுக்கவோ எண்டு கேட்டாள். உம்மட தங்கச்சி பாரம் கூடின சொக்ஸை வாங்கி, அரிசியைக் கழுவி, சமைச்சு எனக்கு மட்டும் போட்டா.

பிறகு எங்கட சபை ஜூலியன் பாஸ்ரரிட்டைப் போய், என்ன விசயம் எண்டு சொல்லாமல், ரெண்டு பொருள் இருக்கு, ஒரே மாதிரி, ஒண்டை எடுக்கவேணும், மனம் ஒரு நிலையில இல்லை, ஜெபியுங்கோ எண்டன். அவர் கண்ணை மூடி நல்லா ஜெபிச்சுப்போட்டு, எது உமக்குச் சமாதானத்தைத் தருதோ அதை எடும் எண்டார். ஆண்டவரே, ரெண்டும் மூண்டு அஞ்சு ஏழு! நான் ஆமென் சொல்லிப்போட்டு வந்துட்டன்.

இனித்தான் மச்சான் பெரிய விசயம். துவக்கு வைச்சிருக்கிறதெண்டால் பொலிசுக்குப் போம் நிரப்பவேணும், ஒரு துவக்குக்கு ஒரு போம். எதை எடுக்கிறதெண்டு தெரியாததால நான் ரெண்டு போம் நிரப்பினன். அதில ‘காரணம்’ எண்டு ஒரு பெட்டி இருக்கு. விளையாட்டுச் சூடு எண்டு ரெண்டு சொல்லு எழுதினால் காணுமாம். ரெண்டு சொல்லில போம் நிரப்ப எனக்கு ஆர் பழக்கினது? எம்பத்தாறாம் ஆண்டு அந்த அகதி காம்பில, மேல்கட்டிலில சப்பாணி கட்டிக்கொண்டு இருந்து எங்கள் இருபத்திரண்டு பேருக்கும் ஏன் ஓடிவந்தம் எண்டு கேஸ் எழுதித் தந்தது நீர். பெட்டியை வெறுமையா விடாதையுங்கோ, பிறந்ததில இருந்து தொடங்குங்கோ, திகதி போடுங்கோ, சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கோ, ஒரு திகதி மாறினாலும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு படிப்பிச்சதும் நீர்தான். என்ர கேஸில ஒரு சொல்லும் பொய் இல்லை. எனக்குப் பொய் தேவைப்படேல்லை.

அதால, பழைய பைலோட முரண்படக்கூடாதெண்டு, சூட்கேசுக்கை கிடந்த கேஸ் கொப்பியை எடுத்தன். மொழிபெயர்ப்பாளர் டெனிஷில அடிச்சுத் தந்த அதே நாலு பக்கம். அதை முன்னுக்கு வைச்சுக்கொண்டு, ஊரில பாலத்தடிச் சென்றிக் காவலரணில என்ர சைக்கிளைப் பறிச்சதில இருந்து, நெஞ்சில துவக்குக் குழலை வைச்சதுவரைக்கும், திகதி பிசகாமல், கடைசி வரியும் விடாமல் பார்த்து எழுதினன். நாலு பக்கமா எழுதினன் மச்சான், ஒரு எழுத்து விடேல்லை, அர்த்தம் பார்க்கவும் இல்லை, எழுத்துப் பிழை வரக்கூடாதெண்டுதான் பார்த்தன். ரெண்டு போமுக்கும் ஒவ்வொரு கொப்பி குத்தி அனுப்பினன். நான் இந்த நாட்டுப் பிரசை ஆகி இருபத்தெட்டு வருசம் எண்டது அனுப்பினாப் பிறகுதான் ஞாபகம் வந்துது.

இப்ப பொலிஸ் டிஜிட்டல் போஸ்டில கடிதம் போட்டிருக்கு. வாற வியாழக்கிழமை பத்து மணிக்கு ‘ஒரு உரையாடலுக்கு’ வரட்டாம். அவையின்ர பக்கத்தில இருந்து யோசிச்சுப் பாரும். ஒரு அறுபத்திநாலு வயது மனிசன், உயிருக்கு ஆபத்து எண்டு நாலு பக்கம் எழுதி, ரெண்டு றிவோல்வர் கேக்கிறான். இதில இல்லை எண்டு வந்தால் றிவோல்வர் மட்டும் இல்லை, கிளப்பில இருந்தும் எடுத்துப்போடுவினம், ஏனெண்டால் கிளப்பில இருக்கவும் பொலிஸ் ஓம் சொல்லவேணும். உம்மட உதவி இதுதான். நாப்பது வருசத்துக்கு முன்னம் எனக்கு ஆபத்து எண்டு எழுதித் தந்தனீர். இப்ப எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை எண்டு ஒரு கேஸ் எழுதித் தரவேணும். நானும் எழுதிப் பார்த்தன். ‘என்னை ஒருவரும் தேடுவதில்லை. சென்ற மாதம் என்னைத் தேடியவர் பல் வைத்தியர் மட்டுமே.’ இதுக்கு மேலை ஓடேல்லை. வாசிச்சுப் பார்க்க எனக்கே ஒரு மாதிரிப் போச்சு.

உம்மட தங்கச்சிக்கு இந்தக் கதை ஒண்டும் தெரியாது. ஆனால் துவக்கு வைக்கிற இரும்பு அலுமாரி வந்திறங்கினது தெரியும், ஏனெண்டால் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து படுக்கையறைச் சுவரில ஆணி இறுக்கினவை. துவக்கு வர முதல் அலுமாரி வந்தது என்ர அவசரம். அவ அதுக்கை நத்தார் றிச் கேக்கை வைச்சுப் பூட்டி, திறப்பைத் தன்ர ஹாண்ட்பாக்கில போட்டுக்கொண்டா, எனக்குச் சீனி கூடவாம். போட்டுக்கொண்டு ஒண்டு கேட்டா. துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனிசன், இஞ்சை வந்து துவக்கைத் தேடிப் போறீரே, உமக்கு என்ன விசரோ எண்டா. அதுக்குப் பதிலை உமக்குச் சொல்றன்.

முதல் நாள் பெந்த்தான் என்னைக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனது, ஃபாக்டரியில அவரும் நானும் ஒரே ஷிஃப்ட். சும்மா பாக்கத்தான் போனனான். எட்டுப் பேர் வரிசையா நிண்டு சுட்டாங்கள். நான் வெளியில போகத் திரும்பினன். அப்ப ஒரு வயசுபோன மனிசன், சத்தம்கூடப் போடேல்லை, நிறுத்து எண்டு ஒரு சொல்லுச் சொன்னார். எட்டுப் பேரும் நிறுத்தினாங்கள். எட்டுத் துவக்கையும் திறந்து, வெறுமையா எண்டு ஆளுக்காள் காட்டி, மேசையில வைச்சுப்போட்டுப் பின்னுக்கு வந்தாங்கள். வந்து கோப்பி குடிச்சாங்கள். மச்சான், நான் என்ர சீவியத்தில துவக்கு வைச்சிருந்த ஒருத்தன் சொல்லுக் கேட்டு அதைக் கீழை வைச்சதைக் கண்டதில்லை. எனக்கு அழுகை வந்துட்டுது, சளி எண்டு சொல்லிச் சமாளிச்சன். ஏழு வருசமா நான் அதைப் பாக்கத்தான் போறன். சுடுறது சும்மா, போனதுக்கு. இதை உம்மட தங்கச்சிக்குச் சொல்ல வாய் வருகுதில்லை. அந்த இடத்துக்குப் போகாதை எண்டு பொலிஸ் சொன்னால் செவ்வாய்க்கிழமையில நான் என்ன செய்யிறது?

ஆகையால் இக்கடிதம் கண்டவுடன், வியாழக்கிழமைக்கு முன்னதாக, எனக்கு ஓர் ஆபத்துமில்லை என்று திகதிகளுடன் எழுதி அனுப்பவும். முன்னுக்குத் தள்ளுவதா, உள்ளுக்கு அமத்துவதா என்பதையும் ஒரு வரியில் தெரிவிக்கவும். தங்கள் முழங்காலுக்காக நாள்தோறும் ஜெபிக்கிறோம். சமாதானத்தின் தேவன் தங்களையும் தங்கள் இல்லத்தாரையும் காத்தருளுவாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
சூ. குருசுமுத்து

பி.கு.: இதை வெள்ளிக்கிழமை எழுதுறன். கடிதம் போடப் போனால் எங்கட சந்தியில நிண்ட சிவப்புத் தபால்பெட்டியைக் காணேல்லை. போஸ்ட்காரர் இனிக் கடிதம் எடுக்கமாட்டினமாம், கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள், நிலத்தில ரெண்டு ஓட்டைதான் கிடக்கு. கடிதம் காருக்கை கிடக்க, நேற்று வியாழக்கிழமையும் வந்துட்டுது. பொலிஸின்ர கடிதத்தை மேனுஜா கண்டு தாயிட்டைச் சொல்லிப்போட்டாள், கிருபாமலர் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து காரில ஏறிட்டா. பொலிஸில இருந்தது எங்கட மேனுஜாவின்ர வயதுப் பிள்ளை. ஒரு சத்தம் போடேல்லை. நாலு பக்கமும் வாசிச்சுப்போட்டன் எண்டாள். எனக்கு ஒரு சின்னக் குழப்பம், நீங்கள் ரெண்டு றிவோல்வர் கேட்டிருக்கிறீங்கள், ஆனால் கடைசி வரியில வேறை ஒண்டு கேட்டிருக்கிறீங்கள் எண்டு சொல்லி, அதை வாசிச்சாள். நீர் இருபத்திரண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சொல்லித் தந்த வரி மச்சான்: “ஆகவே, துவக்கு இல்லாத ஒரு வீட்டில் சீவிக்க என்னை அனுமதிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” வாசிச்சுப்போட்டு, இதில எதுக்கு நான் அனுமதி தாறது எண்டு கேட்டாள்.

மூண்டு மாசமா ரெண்டில ஒண்டைச் சொல்லத் தெரியாமல் திரிஞ்ச எனக்கு, ஒரு நிமிசம் எடுக்கேல்லை. கடைசி வரிக்குத் தாங்கோ எண்டன். ரெண்டு போமையும் திருப்பித் தந்தாள். கிளப்புக்குத் தடையில்லை, அங்கை இருக்கிற துவக்கு அங்கையே இருக்கட்டும் எண்டாள். காருக்கை வந்தாப் பிறகு கிருபாமலர் ஹாண்ட்பாக்கைத் திறந்து இரும்பு அலுமாரித் திறப்பை எடுத்து என்ர மடியில வைச்சா. கேக் இன்னும் ரெண்டு துண்டு இருக்கு.

ஆனபடியால் மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. எனக்கு ஆபத்தில்லை எண்டு ஒண்டும் எழுதவேண்டாம். மேனுஜா ஞாயிற்றுக்கிழமை நீர் இருக்கிற ரண்டர்ஸுக்கு வாறாள், அவளிட்டை இதைக் குடுத்துவிடுறன். வாற செவ்வாய்க்கிழமை நான் கோப்பி மேசையில பெந்துக்கும் ஸ்வெனுக்கும் நடுவில இருந்து, ரெண்டு பேருக்கும் முகத்துக்கு நேரை இல்லை எண்டு சொல்லவேணும். அதுக்கு முதல் பழைய மாதிரியே நாலு பக்கத்தில ஒரு கேஸ் எழுதி அவளிட்டைத் தந்துவிடும். இந்தமுறை ஆபத்து உண்மையிலேயே பெரிசு.