முதலாளிக்கு வாங்கிய சால்வை

வெள்ளவத்தை,
17.06.1997

பெருமதிப்புக்குரிய சங்கத் தலைவரும் என் அக்காவின் கணவருமான நாகேந்திரம் அத்தான் அவர்கட்கு,

வணக்கம். போதுமான காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். தாங்களும் பாலேஸ்வரி அக்காவும் நலமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். தங்கள் செயற்குழுவுக்காக அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை.

நடக்கவும் கையை அசைக்கவும் சிரமப்படும் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியும் இசையும் கொடுக்கவென்று இந்தச் சங்கத்தைத் தொடங்கியபோது, மிருதங்கம் தெரிந்தவன் என்று என்னை இழுத்து வந்தது தாங்கள்தான். கணக்குப் படிப்பித்துக் களைத்த எனக்கு ஓய்வென்று இருந்தது சனிக்கிழமை. அதையும் தந்தேன். மிருதங்கத்தைத் தோளில் சுமந்து காலி வீதியில் நடப்பது எப்படியென்று தங்களுக்குத் தெரியாது, தாங்கள் காரில் வருகிறவர். சோதனைச் சாவடியில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ஆமிக்காரன் நிற்பான். "மேக்க மொகத்த?" என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டு, உறையைக் குத்திப் பார்ப்பான். மேளம் என்று சொன்னால் நம்பாமல் அடித்துக் காட்டச் சொல்வான். மண்மூட்டையின் மேல் வைத்து, வெயிலில், துவக்குக்கு முன்னால் நான் வாசித்த தனியாவர்த்தனங்களை எந்தச் சபையும் கேட்டிருக்காது. ஒருநாள் ஒருவன் தலையாட்டி ரசித்து இன்னும் கொஞ்சம் வாசிக்கச் சொன்னான். சங்கத்துக்காக அலைந்ததில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

ஷபீகாவைத் தங்களுக்கு நினைவிருக்கும். தெஹிவளைப் பிள்ளை, பிறந்ததிலிருந்தே கால் தசை இறுகியவள். கம்பியைப் பிடித்து நடக்கச் சொன்னால் நிலத்தில் இருந்துவிடுவாள். பயிற்சி கொடுக்கிற மாக்ரெட் ஒருநாள் என்னை அறையின் மறுகோடியில் இருத்தி, "மாஸ்டர், சும்மா தட்டுங்கோ பாப்பம்" என்றாள். தட்டினேன். பிள்ளை என்னை நோக்கிக் காலைத் தூக்கி வைத்தது. அன்றிலிருந்து அதுதான் முறை. நான் ஒரு தட்டுத் தட்டுவேன், அவள் ஒரு கால் வைப்பாள். கால் பிந்தினால் நானும் நிறுத்திக் காத்திருப்பேன். அவசரப்பட்டால் அதட்டல் வரும்: "பொறுங்க மாஸ்டர், எடது கால் இன்னம் வரல்ல!" வகுப்பறையில் என் செருமலுக்கே பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட நான் இவளுடைய இடது காலுக்காகக் கையைத் தூக்கியபடி காத்துக்கொண்டிருப்பேன்.

இனி ஆண்டு விழா. மண்டபத்தை எடுத்துத் தந்தவர் புறக்கோட்டை வியாபாரி பழனிமுத்து முதலாளி. ஆகவே அவருக்குச் சால்வை. ஷபீகா நடந்து வந்து அதைப் போர்த்தினால் சனம் உருகும் என்பது தங்கள் யோசனை. மேடையின் ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் அவள் நடைக்குத் தட்ட மிருதங்கத்தோடு நான். மிருதங்கம் கேட்கும் திசைக்கே நடக்கப் பழக்கிய பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று தங்களுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, அவளைப் பழக்கிய மாக்ரெட்டுக்குக்கூடத் தோன்றவில்லை. முதலாளி கழுத்தைக் குனித்தபடி நிற்க, பிள்ளை ஒரு கைப்பிடியும் இல்லாமல் மேடையைக் குறுக்கறுத்து நேரே என்னிடம் வந்து, சால்வையை என் தலையில் போட்டுவிட்டுச் சிரித்தது. சனம் எழும்பிக் கைதட்டியது. குனிந்த முதலாளி நிமிர்ந்து, "பரவாயில்லீங்க, பாப்பா நடந்துச்சே, அது போதும்" என்றார். சால்வையை இழந்தவரே சிரித்தார். தாங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் கேட்டீர்கள்: "ஐசே, நீர் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தனீர்தானே?"

"அத்தான், அவள் சத்தத்துக்கு வாறவள். அதுதானே பயிற்சி."

"அப்ப ஏன் உடன கழட்டேல்லை? தலையில சால்வையோட நன்றியுரை முடியுமட்டும் இருந்தனீர்!"

நான் கூட்டத்தை விட்டு எழும்பி வந்துவிட்டேன். பதில் இல்லாமல் அல்ல. இந்த வயதுவரை என் தோளில் ஒருவரும் எதையும் போர்த்தியதில்லை. போர்த்திய பிறகு கழற்ற மனம் வரவில்லை. அதைச் சபையில் எப்படிச் சொல்வது? கழற்றியிருக்கலாம். முதலாளியின் தோளில் போட்டு ஒரு கும்பிடு போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதன்பிறகு, எனக்குப் பதிலாக, மிருதங்க ஒலிநாடா ஓட ஒரு கசற் றெக்கோடரை வைத்தீர்கள். நல்ல காரியம். அது தேத்தண்ணி கேட்காது, எதிர்த்துக் கதைக்காது. நேற்று வேலை முடிந்து கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் வழியில் மாக்ரெட் என் வீட்டுப் படியேறி வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"மாஸ்டர், கசற்றுக்கு அவள் நடக்கிறாளில்லை. அது தன்ர பாட்டில ஓடுது, அவளுக்காக நிக்குதில்லை."

"அத்தானிட்டைச் சொல்லுங்கோ."

"சொன்னன். வேற கசற் வாங்கலாமாம். இப்பிடியே போனா கால் திரும்ப இறுகும் மாஸ்டர், பிறகு ஒப்பரேஷன்தான். உங்க ரெண்டு பேருக்கும் அப்ப சந்தோஷமா?"

பிழை முழுக்கத் தங்களுடையது என்று நிறுவத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இவ்வளவு எழுதியும் அது முழுதாக நிற்கமாட்டேன் என்கிறது. இருந்தாலும் தன்மானமுள்ளவன் செய்யவேண்டியதைச் செய்கிறேன். இத்தால் சங்கத்திலிருந்து முற்றாக விலகுகிறேன். அந்த மண்டபத்துப் படியில் இனி என் கால் படாது.

அக்காவுக்கு என் அன்பு. மருமக்கள் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெறட்டும். தங்கள் இரத்த அழுத்தம் கூட்டம் இல்லாத நாட்களிலாவது இறங்கட்டும்.

இங்ஙனம்,

பி.கு.: மேலே இடம் வெறுமையாக இருப்பது மறதியால் அல்ல. சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் சட்டதிட்டங்களை, எழுதியவன் நான். கையெழுத்தில்லாத கடிதத்தைச் செயற்குழு எடுத்துக்கொள்ளக்கூடாது, அதன்மேல் முடிவு எதுவும் எடுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. ஆகவே இப்படியொரு விலகல் செல்லாது. சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிவரும்படி ஷபீகாவின் உம்மாவுக்குச் சொல்ல, இன்று காலை மாக்ரெட்டுக்கு ரெலிபோன் எடுத்துவிட்டேன். அறையின் மறுகோடியில் எனக்கொரு பாய் போட்டு வையுங்கள், சுவர்ப் பக்கமாக. இப்போது முதுகு நோகிறது. எழுதியதைக் கிழித்துப் போடலாம்தான். ஆனால் தாங்கள் ஒருமுறை இதை முழுக்க வாசிக்கவேண்டும், வாசித்தபின் ஒருவரும் இதன்படி நடக்கவும் கூடாது. அதனால் கையெழுத்து வைக்காமலே இதைத் தபாலில் போடுகிறேன்.