ஃபோர்வீல் அண்ணனின் இரவல் ஜீப்

சொந்தமாக ஒரு ஜீப்பை வைத்துக்கொண்டு, அது எங்கே இருக்கிறது என்று ஊர் முழுக்க விசாரித்துத் திரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் இலங்கையில், நிவித்திகலவுக்கு மேலே, நான் கிளார்க்காக இருந்த தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். சம்பளம் எழுதும் செக்ரோலில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. மாதாமாதம் அதை எழுதும்போதெல்லாம் இது யார் என்று ஒரு கணம் குழம்பி, பிறகுதான் ‘ஓ, ஃபோர்வீல்!’ என்று தெளிவேன்.

நான் அங்கே ஆறு வருடம் இருந்தேன். அதில் முதல் ஐந்து வருடத்தில் ஃபோர்வீல் அண்ணனையும் அவருடைய ஜீப்பையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பார்த்தது நாலைந்து தடவைதான். மற்ற நேரமெல்லாம் ஜீப் இரவல் போயிருக்கும்.

அது முன்பு தோட்டத்து ஜீப். அவர் அதன் டிரைவர். நிர்வாகம் கைமாறியபோது, புதிதாக வந்தவர்கள் பழைய இரும்போடு இரும்பாக அதையும் விற்றுவிட்டார்கள். வாங்கிய பெல்மதுளை வியாபாரி, வெட்டி ஏற்றிக்கொண்டு போக ஒரு லொறியோடு வந்தார். மழை. லொறி கராஜ் வாசலிலேயே அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. ஃபோர்வீல் அண்ணன் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணி, சங்கிலி போட்டு, லொறியை இழுத்து ரோட்டில் நிறுத்தினார். வியாபாரி ஜீப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். “மேக கபன்ன பவ்” என்றார். சிங்களத்தில், இதை வெட்டுவது பாவம் என்று அர்த்தம். பழைய குழாய்களை மட்டும் ஏற்றிக்கொண்டு, ஜீப்பை அண்ணனிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். சட்டப்படி அது யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆபீஸ் ஃபைலில் அதைப் பற்றி இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்றை வாசித்தால் மற்றது புரியாது.

டிரைவர் வேலை போனபிறகு அண்ணனை ஃபேக்டரி கேட்டில் வாச்சராகப் போட்டார்கள். தோட்டத்துத் துரையின் காருக்கும் கொழுந்து லொறிக்கும் வழிதவறி வந்த மாட்டுக்கும் ஒரே மாதிரி விறைப்பாக சலூட் அடிப்பார். பெரிய சமத்துவவாதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப்பின் உறுதியைப் பற்றி அவர் சொல்வதில் பாதியை நம்பலாம். மீதிப் பாதியை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் மலைமேல் நிறுத்தியிருந்த ஜீப் பிரேக் விட்டுப்போய், ஆளில்லாமல் தேயிலைக்குள் இறங்கி, நாலு வரிசைச் செடியைச் சாய்த்துக்கொண்டு டிஸ்பென்சரி வாசலில் போய் நின்றது. உள்ளேயிருந்த டாக்டரய்யா வெளியே வந்து, “யாருக்கு என்ன?” என்று கேட்டார். ஜீப்பில் ஒரு லைட் மட்டும் உடைந்திருந்தது.

அண்ணன் பெருமையோடு என்னிடம் வந்தார். “பாத்தீங்களா கிளாக்கரய்யா! மேலுக்கு முடியலன்ன ஒடனே அதுவாவே டிஸ்பென்சரிக்குப் போயிருக்கு!”

இரவல் கொடுப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. அந்த முறைதான் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கேட்டு வந்தவனைக் குந்த வைத்து, டீ கொடுத்து, பரீட்சை நடத்துவார். “எறக்கத்துல பிரேக்கு புடிக்கல, முன்னால ஒரு பஸ்ஸு, என்னா பண்ணுவ?” என்று கேட்பார். “நிப்பாட்டப் பாப்பேன்” என்றால் ஜீப் கிடையாது. “ஹார்ன் அடிச்சிக்கிட்டே போயிருவேன்” என்று சொல்பவனுக்கு உடனே கிடைக்கும். இந்தப் பரீட்சையால், மாவட்டத்தில் இருந்த மோசமான டிரைவர்கள் எல்லோர் கையிலும் அந்த ஜீப் ஒரு சுற்று வந்துவிட்டது.

நான் இரத்தினபுரிக்குப் போய் முறையாக லைசன்ஸ் எடுத்தவன். ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

“வேணாங்கய்யா. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பயந்து பயந்து ஓட்டுவீங்க.”

“பயந்து ஓட்டினா வண்டிக்கு நல்லதுதானே அண்ணே?”

“வண்டிக்கு நல்லதுதான். ஆனா அதுக்குப் புடிக்காது.”



போன ஜீப் போனபடி திரும்பி வந்ததே கிடையாது. கோயில் திருவிழாவுக்குப் போனது, பின் சீட் இல்லாமல் வாழைமரத்தோடு வந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நீலக் கதவோடு வந்தது. அதற்கு முன்னால் கதவு பச்சை. நிவித்திகலவில் மாணிக்கக்கல் குழி தோண்டிய குணபால முதலாளி வாங்கிக்கொண்டுபோய், பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, மூன்று நாள் குழியிலிருந்து தண்ணீர் இறைத்தார். நான் கொதித்துப் போனேன். அண்ணனுக்கோ பூரிப்புத் தாங்கவில்லை. “பம்பு வேலயும் அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க! எங்கிட்ட சொல்லவே இல்ல!”

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு வைகாசி மாதம் வந்தது. நாலு நாளாக விடாத மழை. காலையில் நான் ஆபீசைத் திறந்து உட்கார்ந்ததும் மணி ஓடிவந்தான். ஃபேக்டரியில் வேலை செய்பவன். அவன் மனைவி செல்விக்கு அது நிறைமாதம்.

“அய்யா, செல்விக்கு வலி வந்திருச்சாம். புள்ள குறுக்கால கெடக்காம். ஒடனே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னு மருத்துவிச்சியம்மா சொல்றாங்க.”

அவர்கள் குடியிருந்த லயம் மேல் டிவிசனில். அங்கே போகும் ரோட்டில் பாதி முந்தின நாள் சரிந்து போயிருந்தது. தோட்டத்து லொறி ஏறாது. வேன்காரர்கள் வர மாட்டார்கள். ஏறக்கூடியது ஒன்றே ஒன்றுதான். மணியை மேலே அனுப்பிவிட்டு, நான் குடையும் இல்லாமல் கேட்டுக்கு ஓடினேன்.

“அண்ணே, ஜீப் எங்க?”

ஃபோர்வீல் அண்ணன் முதலில் எனக்கு ஒரு சலூட் அடித்தார். பிறகு யோசித்தார். “குணபால முதலாளிக்கிட்ட.”

இருவரும் கீழே இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து முதலாளியின் குழிக்குப் போனோம். “போன வாரமே உங்க கோயில் தலைவருக்கிட்ட குடுத்தாச்சே” என்றார் முதலாளி, நல்ல தமிழில். கோயில் தலைவரைக் கடைவீதியில், ஒரு தேத்தண்ணிக் கடையில் பிடித்தோம். எங்களைப் பார்த்ததும் தலைவர் கிளாசைக் கீழே வைத்தார்.

“ஜீப்பு எங்கடா?” என்றார் அண்ணன்.

“சொல்ல மாட்டேன்.”

“என்னாது?”

“நீங்கதானே சொன்னீங்க? மணி சம்சாரத்துக்கு நாளு நெருங்குது, ஜீப்ப மேல கொண்டுபோய் அந்த லயத்துக்குப் பின்னால படங்கு போட்டு மூடி வையி, யாருக்கும் சொல்லாத, நானே வந்து கேட்டாலும் சொல்லாதன்னு!”

“நானா சொன்னேன்?”

“நீங்கதான்.”

அண்ணன் முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். “நல்லாத்தான் சொல்லியிருக்கேன்” என்றார்.

அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்குப் புரியவில்லை. இறங்கிய மலையை இருவரும் மறுபடி ஏறினோம். லயத்தின் முன்பக்கம் செல்வி அலறும் சத்தம். மணி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தான். பின்பக்கம், பத்தடி தள்ளி, படங்குத் தார்ப்பாய்க்கு அடியில் ஜீப் சமத்தாக நின்றது. செல்வியைப் பின்னால் படுக்க வைத்து, மருத்துவிச்சியம்மா பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஃபோர்வீல் அண்ணன் சுற்றிவந்து இடதுபக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“அண்ணே, ஸ்டியரிங் இந்தப் பக்கம்.”

அவர் என் காதருகே குனிந்தார். “கண்ணு ரெண்டும் மூணு வருசமா பொகையா இருக்குங்கய்யா. ஆரிட்டயும் சொல்லல. சொன்னா கேட்டு வாச்சர் வேலயும் போயிரும். நீங்க ஓட்டுங்க.”

 மாட்டுக்கு அடித்த சலூட் ஞாபகம் வந்தது. ஜீப்பைத் தான் ஓட்டாமல் ஊருக்கெல்லாம் கொடுத்ததும் அப்போதுதான் விளங்கியது.

“நான் பயந்து ஓட்டுவேன்னு சொன்னீங்களே?”

“பின்னால ரெண்டு உசுரு இருக்கு. இன்னைக்கி நல்லா பயப்படுங்க.”

அந்தப் பயணத்தை நான் ஓட்டினேன் என்று சொல்ல முடியாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். கண்ணாடியில் மழைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு மலையை மனப்பாடமாக ஒப்பித்தார்.

“செகண்டுல போடுங்க. இப்ப ஒரு பலாமரம் வரும், அதுல வலது பக்கம் ஒடிங்க.”

“மரத்தைக் காணோமே அண்ணே!”

“வெட்டிருப்பானுங்க. மரம் இல்லாட்டியும் வளைவு இருக்கும், ஒடிங்க!”

ஒடித்தேன். வளைவு இருந்தது.

ரோடு சரிந்திருந்த இடத்தில் சக்கரம் சேற்றில் சுழன்றது. பின்னால் தொற்றிக்கொண்டு வந்த மணி குதித்து இறங்கித் தள்ளினான். ஜீப் உறுமி மேலே பாய்ந்தது. “நிப்பாட்டாதீங்க! நின்னா போகாது!” என்று அண்ணன் கத்தினார். நான் நிறுத்தவில்லை. ஆற்றங்கரை ரோடு மூழ்கியிருந்ததால், ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து, ஒரு ஓடையைக் கடந்து, டவுன் ரோட்டில் ஏறியபோதுதான் மருத்துவிச்சியம்மா கேட்டார்.

“மணி எங்கய்யா?”

பிள்ளைக்குத் தகப்பனைச் சேற்றில் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

ஆஸ்பத்திரியில் செல்வியை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் இருவரும் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை நேரம் என்று தெரியாது. ஒரு நர்ஸ் துணியில் சுற்றிய பொட்டலத்தோடு வெளியே வந்து, “தாத்தா கோ?” என்றார்.

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா; அப்பா எங்கே என்று கேட்கிறார். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சிங்களத்தை மூக்கு வழியாகக்கூடப் பேசும் ஃபோர்வீல் அண்ணனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு எல்லாம் தமிழாகக் கேட்டிருக்கிறது. எழுந்து நின்று, “மம தமய்” என்றார். நான்தான் என்று.

நர்ஸ் அவருடைய நரைத்த மீசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு பிள்ளையை அவர் கையில் வைத்துவிட்டு, பெண் பிள்ளை, தாயும் நலம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் பிள்ளையைத் தன் முகத்துக்கு மிக அருகில், மூக்கு படுகிற தூரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார்.

“தெரியுதா அண்ணே?”

“தெரியுது” என்றார். அழுதுகொண்டிருந்தார்.

மத்தியானம் தாண்டி மணி வந்து சேர்ந்தான். கண்ணும் பல்லும் தவிர எல்லாம் சேறு. அதற்குள் ஒரு படிவத்தில் தகப்பன் என்ற இடத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். அதை விளங்கப்படுத்தி மாற்ற எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

பிறகு கண்ணுக்கு மருந்து பார்க்கலாம் என்று எவ்வளவோ கெஞ்சினேன். “வேணாங்கய்யா. தெளிவாத் தெரிஞ்சா ஜீப்போட நெலமயும் தெரிஞ்சிபோகும்” என்று மறுத்துவிட்டார். அவருடைய ரகசியத்தை நானும் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத மரங்களையெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார்.

அடுத்த வருடம் எனக்குக் கேகாலைப் பக்கம் மாற்றம் வந்தது. வழியனுப்ப பஸ் நிலையத்துக்கு வந்திருந்தார். அங்கே இரண்டு பஸ்கள் நின்றன. நான் ஒன்றில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மற்றது புறப்பட்டது. அண்ணன் அதைப் பார்த்துக் கையாட்டத் தொடங்கினார். அந்த பஸ்ஸில் யாரோ ஒரு அம்மா, பாவம், பதிலுக்குக் கையாட்டினார். அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் வளைவில் திரும்பும்வரை எக்கி எக்கிக் கையாட்டினார்.

இறங்கிப் போய், “நான் இங்கே இருக்கிறேன் அண்ணே” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த ஜன்னலில், என் பஸ் கிளம்பும்வரை நானும் கையாட்டிக்கொண்டே இருந்தேன்.