நோர்பரியில் பிரேக் பிடித்த கதை

எந்த இயந்திரத்தோடும் வரும் விளக்கப் புத்தகத்தைப் படிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. இருபது வருடம் குளிர்சாதனப் பெட்டி திருத்தியவனுக்குப் புத்தகம் எதற்கு என்ற திமிர்தான். (அந்தத் திமிர், லண்டனில் நாங்கள் குடியிருக்கும் நோர்பரியில் ஒரு தெருமுனையில் கழன்று விழுந்தது.)

சில வருடங்களுக்கு முன் பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கினோம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள, சின்ன லொறி அளவு வண்டி. போகிற இடத்தில் ஓடித்திரிய எங்கள் குட்டிக் காரைப் பின்னால் கட்டி இழுப்பதாகத் திட்டம். முன்வண்டி நின்றால் காரும் தானாக நிற்க வேண்டுமல்லவா? அதற்கென்றே ஒரு பெட்டி விற்கிறார்கள். காரின் சாரதி இருக்கைக்கு முன்னால் வைத்தால், அதன் இரும்புக் கை பிரேக்கை மிதிக்கும். கார் வழியில் கழன்றுவிட்டால் காப்பாற்ற, முன்வண்டியிலிருந்து பெட்டிவரை ஒரு மெல்லிய கம்பிவடமும் உண்டு. வடம் இழுபட்டு அதன் நுனியிலுள்ள ஊசி கழன்றதும், பெட்டி பிரேக்கை அமுக்கிப் பிடித்துவிடும்.

"அந்தப் புத்தகத்தை ஒருக்கா வாசியுங்கோவன்," என்றாள் மனைவி சாந்தி.

"எனக்கு ஏலும்," என்றேன். தொய்ந்து தொங்கிய வடத்தைப் பார்க்க அசிங்கமாக இருந்தது. வீணைத் தந்தி மாதிரி இறுக்கிக் கட்டினேன்.

சனிக்கிழமை காலை வேல்ஸ் பயணம். அயலவர்கள் கையசைத்தார்கள். தெருமுனையில் இடதுபக்கம் திருப்பினேன். வண்டி திடீரென்று முரண்டு பிடித்தது. நான் விடுவேனா? அக்ஸிலேட்டரை இன்னும் அமுக்கினேன்.

"அப்பா, புகை வருது!" பின்னாலிருந்து மகள் கவி கத்தினாள்.

"பழைய டீசல் வண்டி பிள்ளை, அப்பிடித்தான் வரும்."

"இதில இல்லை அப்பா, காரில!"

இறங்கிப் பார்த்தேன். தொய்வில்லாத வடம் திருப்பத்தில் இழுபட்டு ஊசி கழன்றிருந்தது. பெட்டி தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தது. சுழலாத சக்கரங்களோடு காரைத் தரதரவென்று இழுத்து வந்தவன் நான். தார்வீதியில் இரண்டு கறுப்புக் கோடுகள். பின்னால் ஒரு சிவப்பு பஸ், அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. பெட்டியை நிறுத்தக் காருக்குள் போக வேண்டும். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சாவி காருக்குள்ளேயே இருந்தது. கதவைப் பூட்டிய மற்றச் சாவியோ வீட்டு மேசையில்.

சாந்தி இறங்கிச் சாவி எடுக்க வீட்டுக்கு நடந்தாள். பக்கத்து வீட்டு யோகம் அக்கா இன்னும் வாசலிலேயே நின்றாராம்.

"என்ன, அதுக்குள்ள வந்திட்டியளோ?"

"ஓம் அக்கா, வேல்ஸ் பாத்தாச்சு."

அன்றைக்குப் பயணம் இல்லை. தேய்ந்துபோன டயர்களை மாற்றினோம். சாந்தி புத்தகத்தை வரி வரியாக வாசிக்க, நான் அதன்படியே பெட்டியையும் வடத்தையும் பூட்டினேன். அடுத்த சனிக்கிழமை வேல்ஸ் கடற்கரையில் மூவரும் தேத்தண்ணி குடித்தோம். பெட்டி இன்றுவரை ஒரு பிழையும் விட்டதில்லை.

கவி இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன வாரம் அவளோடு வீடியோவில் பேசிக்கொண்டே புது அலுமாரி ஒன்றைப் பலகை பலகையாகப் பூட்டினேன். ஒரு பலகை பொருந்தவில்லை. சுத்தியலை ஓங்கினேன்.

"அப்பா," என்றாள் திரையிலிருந்து, "புகை வருதோ?"

சுத்தியலைக் கீழே வைத்தேன். பக்கத்தில் நின்ற சாந்தி சிரித்த சிரிப்பில் அலுமாரியே ஆடியது.